மல்லிகைக்கு அடங்காத பால்

இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஊரில் தாய்மார் பிள்ளைகளைக் கடை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பாண் சுடும் பேக்கரி, இறைச்சிக் கடை, தபாற்கந்தோர், எங்கே போனாலும் வாசலில் பிராம் வரிசையாக நிற்கும். பிராம் என்பது நாலு பெரிய சில்லும் கறுத்த மூடியும் உள்ள பிள்ளை வண்டி. நாங்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் போவதைப் போல, அதன் பிரேக்கை அமத்திவிட்டு, உள்ளே கிடக்கும் குழந்தையை ஒருதரம் பார்த்துவிட்டுக் கூடையோடு போய்விடுவார்கள். தெருவால் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வந்த புதிதில் பாண் வாங்கப் போய், உள்ளே போகாமல் அந்தப் பிராம்களுக்குக் காவல் நின்றிருக்கிறேன். ஒருநாள் நாலு பிராம், நாலு பிள்ளைகள். நாலு தாய்மாரும் வந்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்து, தங்கள் தங்கள் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போன பிறகு உள்ளே போனால் பாண் முடிந்துவிட்டிருந்தது.

இதுவரை இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் பனியையும் புகையையும் உறைப்பில்லாத கறியையும் பற்றித்தான். இன்று எழுதப்போவது பெண்கள் குசினிக்குள் மட்டும் கதைக்கிற விஷயம். அச்சில் வந்தால் ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மூன்று கிழமையாக என் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் பாலைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் விசுவமடுக்காரி. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஐயாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்து இறங்கினோம். வயலுக்கு அங்கால் காடு. அந்தக் காட்டுக்குள் என்னென்ன உண்டு என்பதைக் காலையில் வாய்க்கால் கரையில் பதிந்திருக்கும் தடங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வந்த இரண்டாம் வருடம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான் அதன் பிறகு எனக்குத் தலை வாரினாள், சோறு போட்டாள், நான் பெரியபிள்ளையானபோது பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அதே குடியேற்றத்திலேயே கலியாணம் நடந்தது. எனக்குக் கலியாணமாகி மகள் வதனி பிறந்ததும் அக்காவின் வீட்டில்தான். பிள்ளைக்கு இரண்டு மாதமாக இருக்கும்போது என் கணவர் படிக்கவென்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிள்ளைக்குப் பத்து மாதமானபோது அவருடைய கடிதம் வந்தது. பகலில் தொழிற்சாலை வேலை, பின்னேரம் படிப்பு, தனியே இருக்க முடியவில்லை, நீ வா. அறை தந்த வீட்டுக்காரி, புருஷனும் பெண்சாதியும் இருக்கலாம், குழந்தை கூடாது என்கிறாள். ஒரு வருடம் பொறுத்தால் வேறு வீடு பார்த்துப் பிள்ளையையும் எடுப்பிக்கலாம்.

போகாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். புருஷன் இருக்கிற இடத்தில்தான் பெண்சாதி இருக்கவேண்டும் என்று ஐயா சொன்னார். அயலும் அதையே சொன்னது. பிள்ளையை நான் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னாள். இவ்வளவும் உண்மைதான். ஆனால் யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கப்பலைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. காடும் வயலும் தவிர வேறொன்றையும் பார்க்காத கண் எனக்கு. ஒரு வருடம் ஓடிப்போகும் என்று நினைத்தேன்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா முற்றத்து மல்லிகையில் பூ ஆய்ந்துவந்து, என் மார்பில் நிரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு எங்கள் பெண்கள் செய்யும் வைத்தியம் அது. பக்கத்து அறையில் வதனி வீரிட்டு அழுதாள். அத்தான் அவளுக்குப் போத்தலில் பசுப்பால் பருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒருக்கா மட்டும் குடுக்கட்டே?”

“வேண்டாமடி. குடுத்தா உனக்கும் வத்தாது, அவளுக்கும் மறவாது.”

நான் அழத் தொடங்கினேன்.

“அழாதை. அழுதா இன்னும் ஊறும்,” என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

கப்பலில் முதல் கிழமை மார்பு கல்லாக இருந்தது. பூ கறுத்து மணம் மாறிவிட்டது. ஏடன் துறைமுகம் வருவதற்கு முன் அதைக் கடலில் போட்டேன். இங்கிலாந்தில் இறங்கும்போது நெஞ்சு பழையபடி தட்டையாகியிருந்தது. ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் அறை இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் மிஸிஸ் ஹாரிஸ் இருந்தாள். அவளுக்கு மூன்று மாதத்தில் ஒரு ஆண் குழந்தை, பீற்றர். காலையில் பால் கொடுத்ததும் அவனைக் கம்பளியால் சுற்றி, பிராமில் வைத்து, பின்வளவில் இலை உதிர்ந்த அப்பிள் மரத்தடியில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் பால். இடையில் அழுதால் எடுக்கக்கூடாது, எடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும், அழுவது நுரையீரலுக்கு நல்லது என்று கிளினிக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளைக் கூடாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பீற்றரின் துணிகளைப் போல வெள்ளை வெளேரென்ற துணிகளை நான் எந்தக் கொடியிலும் கண்டதில்லை.

வந்து இரண்டாம் கிழமை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். பீற்றர் அழத் தொடங்கினான். முதலில் சிணுங்கல், பிறகு ஒரு இடைவெளி, பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஒரு கத்தல். வதனியும் அப்படித்தான் அழுவாள், அதே இழுப்பு. என் மார்பில் ஊசியால் குத்துவது போல ஒரு குறுகுறுப்பு. குனிந்து பார்த்தால் சட்டை நனைந்திருந்தது. எனக்கு வந்தது கோபம். யாருடைய பிள்ளை அழுவதற்கு யார் ஊறுவது? பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து நின்று பாலைப் பீய்ச்சி விட்டேன். குழாய்த் தண்ணீரோடு அது போவதைப் பார்க்க ஏலாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு எங்கள் சிவலைப் பசு ஞாபகம் வந்தது. குடியேற்றத்துக்கு வந்து சில வருடங்களில் அதன் கன்று செத்துப்போனது. கன்றில்லாமல் பசு பால் விடவில்லை. ஐயா கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு தடியைக் காலாக வைத்துத் தைத்துக்கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். தலைகூடச் சரியாக இல்லை. ஆனாலும் பசு அதை மணந்து, நக்கி, மடியை இளக்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாட்டுக்கு இவ்வளவு விசர் இருக்குமோ என்றேன். அக்கா சிரிக்கவில்லை. கடைசிவரை அந்தப் பாலில் போட்ட தேத்தண்ணியை அவள் வாயில் வைக்கவும் இல்லை. தொட்டியடியில் நின்றபோது நானும் அந்தச் சிவலையும் ஒரே சாதிதான் என்று தெரிந்தது.

எங்கள் வீட்டு மேல் அறையில் ஜோன் என்று ஒரு பல்கலைக்கழகப் பெடியன் இருந்தான். விலங்கியல் படிப்பவன், குருவிப் பைத்தியம். பீற்றர் அழும்போது நான் சன்னலுக்கும் அடுப்புக்கும் நடப்பதைக் கண்டு, குஞ்சின் சிவந்த வாய் திறந்தால் குருவியால் இரை ஊட்டாமல் இருக்க முடியாது என்று சொன்னான். யாருடைய குஞ்சு என்று பார்க்கும் அளவுக்கு அதற்கு நேரமில்லையாம். எங்கள் ஊரில் காகம் குயில் குஞ்சை வளர்க்கும் என்றேன். அவனுக்குப் பெரிய சந்தோஷம். ஆதிகாலத்தில் மனிதர் காட்டுக்கரையில் வாழ்ந்தார்கள், சத்தமில்லாமல் கிடந்த பிள்ளையை மிருகம் கொண்டுபோனது, பலமாக அழுத பிள்ளையும் அந்த அழுகையைத் தாங்க முடியாத தாயும்தான் மிஞ்சினார்கள், நாமெல்லாம் அவர்களுடைய வழி என்றான். “அந்தக் காடு எங்கள் வேலிக்கு அங்கால்தான் இருக்கிறது, போன மாதம்கூடப் புலி வந்தது,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் நன்றாகச் சிரித்தான்.

அடுத்த கிழமை ஒருநாள் மத்தியானம் மழை தூறியது. பீற்றர் முக்கால் மணித்தியாலமாக அழுதுகொண்டிருந்தான். சத்தம் அடைத்துப்போய்விட்டது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு மதிலைத் தாண்டிப் போய் அவனைத் தூக்கினேன். எங்கள் ஊரில் அழுகிற பிள்ளையைத் தூக்குவதற்கு யாரையும் கேட்பதில்லை, தூக்காவிட்டால்தான் கேள்வி வரும். அவன் முகத்தை என் கழுத்தில் தேய்த்துத் தேய்த்து வாயால் தேடினான். கொடுத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் என் கை சட்டைக் கொளுக்கிவரை போனது. அந்த நேரம் கதவு திறந்தது.

“என்ன செய்கிறாய் நீ?” என்று மிஸிஸ் ஹாரிஸ் ஓடிவந்து பிள்ளையைப் பறித்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“பசி,” என்றேன்.

“இரண்டு மணிக்குத்தான் அவனுக்கு நேரம்.” அதற்குப் பிறகுதான் அவள் என் சட்டையைப் பார்த்தாள். ஈரம் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. அவளுடைய குரல் மாறியது. “உன் பிள்ளை எங்கே?”

“அக்காவிடம்.”

“எத்தனை மணிக்குக் கொண்டுவருவாள்?”

“அடுத்த வருடம். சிலோனில் இருக்கிறது.”

அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். “எப்படி முடிந்தது உன்னால்?” என்று கேட்டாள்.

அதே கேள்வியைத்தான் நானும் இரண்டு கிழமையாக அவளிடம் கேட்க வாய்க்குள் வைத்திருந்தேன். அவளுடைய பிள்ளை அவளுக்குப் பத்தடி தூரத்தில் தனியே கிடந்து அழுகிறது. என் பிள்ளை ஒரு நிமிடமும் தனியே இல்லை, ஆனால் என்னிடமிருந்து ஆறாயிரம் மைல் தூரத்தில் இருக்கிறது. இருவரில் யார் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவளுக்கும் மார்பு ஊறியிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

வீட்டுக்குள் வந்த பிறகு இன்னொன்று என்னைச் சுட்டது. எங்கள் குடியேற்றத்தில் அரிவு வெட்டும் காலத்தில் வயல் கரை மரங்களில் சேலையால் ஏணை கட்டிப் பிள்ளைகளைக் கிடத்துவோம். எது அழுதாலும் கிட்ட நிற்பவள் ஓடிப்போய் எடுப்பாள், பால் உள்ளவள் என்றால் பாலும் கொடுப்பாள். இதை நான் இங்கே எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஆனால் வதனிக்கு நாலு மாதமாக இருக்கும்போது நடந்ததை யாருக்கும் சொன்னதில்லை. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் வேதக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். கரையோரத்து மீன்பிடிக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. குழந்தை எங்கள் முற்றத்தில் கிடந்து கத்தியது. என் சட்டை நனைந்தது. அவளும் கண்டாள். நான் உள்ளே போய்க் கஞ்சித் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன், தேத்தண்ணி கொடுத்தேன், மார்பை மட்டும் சேலையால் இழுத்து மூடிக்கொண்டேன். நெஞ்சுக்குச் சாதி சமயம் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. மிஸிஸ் ஹாரிஸின் கையில் இருந்தது மணிக்கூடு, என் கையில் இருந்தது வேறொன்று. அந்தக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி அக்காவின் கதை. எனக்கு வதனி பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அக்காவும் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். பிரசவக் குத்து வந்ததும் லொறியில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புளியங்குளம் வரும்போதே வயிற்றில் அசைவு இல்லை என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது. அதன் பிறகு அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. வதனியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தபோது, அக்காவுக்கும் ஒரு ஆறுதல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நான் வந்து மூன்றாம் மாதம் அவளுடைய கடிதம் வந்தது. “நீ கோவிக்காட்டி ஒண்டு சொல்லுறன். பிள்ளை நித்திரைக்குப் போகேக்கை என்ரை நெஞ்சைத் தடவித் தேடுறவள். அழுகை நிக்காதபடியால் சும்மா வாயிலை வைச்சனான். ஆறுதலுக்குத்தான், வேறை ஒண்டுக்குமில்லை. இப்ப ஒண்டரை மாதமாகுது. முந்தாநாள் பாத்தன், பால் வந்திருக்கு. கொஞ்சந்தான். முந்திப் பிள்ளை சுமந்தவளுக்கு அப்பிடி வாறதுதான் எண்டு மருத்துவிச்சி அம்மா சொன்னவா. வேறை ஆருக்கும் சொல்லேல்லை. உனக்குச் சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாது.”

நாலு நாள் நான் பதில் எழுதவில்லை. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். என் சொந்த அக்காமேல், என்னை வளர்த்தவள்மேல். கடிதத்தைக் கிழிக்கப் போய், கிழிக்காமல் மடித்து வைத்தேன். அந்த மாதத்தோடு எனக்குப் பால் நின்றது. பீற்றர் அழுதாலும் சட்டை உலர்ந்தே இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அங்கே ஒரு குழாயைத் திறந்தபடியால் இங்கே அடைபட்டுப்போனது என்றுதான் மனது சொன்னது. ஐந்தாம் நாள், “நல்லது அக்கா, குடுங்கோ,” என்று ஒரு வரி எழுதினேன்.

ஜோன் சொன்னதை அதுவரை நான் நம்பியிருந்தேன். உடம்பு முதலில் முடிவெடுக்கிறது, வழக்கம் அதற்கு வேலி போடுகிறது, அவ்வளவுதான் மனிதர் என்று. அக்காவின் விஷயம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. அவள் முதலில் ஒரு சொல் சொன்னாள், நான் பார்க்கிறேன் என்று. தங்கச்சியின் பிள்ளை அக்காவுக்கும் பிள்ளைதான் என்பது எங்கள் வழக்கம் கொடுத்த சொல். பிறகு கை தூக்கியது. பிறகு மனம் ஒட்டியது. உடம்பு எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. பெற்றவள் நான் என்பதில் மாற்றமில்லை. ஆனால் தாய் என்பது பெற்ற அன்றோடு முடிகிற வேலை இல்லை என்பதை அவளுடைய உடம்பு எனக்கு எழுதி அனுப்பியிருந்தது.

ஒரு வருடம் என்றது ஒன்றரை வருடமாகியது. இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு அதே தெருவில் கிடைத்தது. வதனியைக் கூப்பிடுவோம் என்றார் இவர்.

“அக்காவை என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“அவா பெரியம்மாதானே. பிள்ளை எங்கடை பிள்ளையெல்லே,” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் தன் மகளை இரண்டு மாதம்தான் பார்த்திருக்கிறார், அவருக்கும் ஏக்கம் இருக்காதா.

கூப்பிடட்டுமா என்று அக்காவுக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் தபாலில் போடவில்லை. கடைசியில் அவளே எழுதினாள். “ஒவ்வொரு நாளும் உன்ரை படத்தைக் காட்டி அம்மா எண்டு சொல்லிக் குடுக்கிறன். அவள் உன்னைப் ‘பட அம்மா’ எண்டுறாள். என்னைத்தான் அம்மா எண்டுறாள், நான் எவ்வளவு சொல்லியும் கேக்கிறாள் இல்லை. உன்ரை பிள்ளை. கூப்பிடு. ஆனா கெதியாக் கூப்பிடு. இன்னும் ஒரு வருசம் போனா என்னாலை தர ஏலாது.”

கூப்பிட்டேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை தெரியவில்லை. இங்கே தாதி வேலைக்கு வந்த ஒரு பெண்ணோடு வதனி கப்பலில் வந்தாள். அக்கா ஸ்டேசனுக்குக்கூட வரவில்லையாம். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது அத்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொழும்பு ரயிலில் ஏறியிருக்கிறார். துறைமுகத்தில் நான் கை நீட்டியதும் வதனி பேசாமல் வந்தாள். அந்நியர் வீட்டுக்கு வந்த விருந்தாளி போல மரியாதையாக என் மடியில் இருந்தாள். இரண்டு நாள் அழவில்லை. மூன்றாம் நாள் தொடங்கிய அழுகை மூன்று கிழமையாக நிற்கவில்லை.

நேற்று மத்தியானம் மிஸிஸ் ஹாரிஸ் வதனிக்கென்று தான் பின்னிய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்தாள். பீற்றர் இப்போது ஓடித் திரிகிறான். வதனி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மிஸிஸ் ஹாரிஸால் பொறுக்க முடியவில்லை. “தூக்கு, பிள்ளையைத் தூக்கு,” என்றாள், மணிக்கூட்டை ஒருதரமும் பார்க்காமல். தூக்கினேன். வதனி முதுகை வளைத்து, கையால் என் நெஞ்சில் ஊன்றித் தள்ளினாள். என் நெஞ்சில் ஒன்றும் ஊறவில்லை. இறக்கி விட்டேன்.

“அம்மா!” என்று அழுதாள்.

“ஓம் பிள்ளை, அம்மா இஞ்சைதான் நிக்கிறன்.”

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வாசல் கதவை விரலால் காட்டி, இன்னும் பலமாக, இன்னும் தெளிவாக எனக்குச் சொன்னாள்.

“அம்மா!”